ஜன்னலைத் திறந்து வைத்துப் பரிமாறிய சோறு

ஜெரோம், ஞாயிற்றுக்கிழமை செனாயிலிருந்து திரும்பும்போது காரில் நீ கேட்டாய்: "ம்மா, நீங்க இன்னைக்குச் செஞ்சது பழிவாங்கறதுக்குத்தானே?" முன்னால் போன லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது நீ இன்னொரு முறை கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ ரேடியோவைப் போட்டாய். பேச்சை அப்படி வெட்டுவது என்னிடமிருந்து உனக்கு வந்த பழக்கம். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பது நம் இருவருக்கும் தெரியும், அதனால் எழுதுகிறேன். உன் கேள்விக்குப் பதில், ஆமாம். பழிவாங்கத்தான் செய்தேன். அது இன்னும் முடியவில்லை. மீதி உன் கையில் இருக்கிறது. அதனால்தான் உனக்கு இதுவரை சொல்லாததை எல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை நீ வீட்டைவிட்டுப் போகிறாய். செனாய்க்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அடுக்குமாடி ஃபிளாட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, அங்கே இருக்கும் குடும்பங்களோடு பேசி, என் பழைய பேராசிரியரின் ஆய்வை முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய். ஃபிளாட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கழிவை உருக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அதை இன்னும் பெரிதாக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை வேண்டுமாம். தொழிற்சாலை பணம் கொடுக்கிறது, பேராசிரியரின் ஆலோசனை நிறுவனம் அறிக்கை கொடுக்கிறது, நீ அவருக்குக் கண்ணும் காதும். அந்த அறிக்கையில் எழுதப்படுவதைத்தான் அந்த மக்கள் இனிமேல் மூச்சாக இழுக்கப்போகிறார்கள். உன் வேலை எவ்வளவு பெரியது என்று நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் உன்னைக் கேட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்பு, வீடு நிறைய ஆட்கள். அவரை நான் அழைக்கவில்லை. பழக்கேக்கோடு வந்து நின்றார். கோயிலில் ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காருகிறவரை வாசலில் வைத்து யார் திருப்பி அனுப்புவார்கள்? சோபாவில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, "உங்க மகன எனக்குக் குடுத்திருங்கம்மா. சமூகத்தோட சேர்ந்து செய்யிற ஆய்வு. மக்களே கேள்வி கேப்பாங்க, மக்களே பதில் சொல்லுவாங்க. நாம சும்மா கூட நிக்கிறோம்," என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் முறுக்குத் தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன். நீ "சரி சார்" என்றாய். பாத்திரம் கழுவும்போது உன் அப்பா மட்டும் பக்கத்தில் வந்து, "விட்டுரு லா. அவருக்கும் வயசாயிருச்சு. பையனுக்கு நல்ல வேலை," என்றார். பதினெட்டு வயதிலிருந்து சிங்கப்பூர்ப் பாலத்தில் வரிசையில் நின்று வேலைக்குப் போய்வருகிறவர் உன் அப்பா. எதையும் விட்டுவிடுவதில் அவருக்கு நல்ல பயிற்சி. எனக்கு இல்லை.

உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு நான் ஆய்வுக்குப் போன இடம், இன்று செனாயில் பெரிய கிடங்குகள் நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டம். நான் முதுகலை மாணவி, அவர் என் வழிகாட்டி. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தில், தோட்டத்து வரிசைவீடுகளில், இருந்த குடும்பங்கள், தோட்டத்திலேயே ஓர் ஓரத்தில் சிறு நிலத்தோடு தரைவீடு கட்டிக் கொடுங்கள், மாடு கோழி வளர்க்கிறோம், போகமாட்டோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனியும் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தது. அதற்குமுன் மக்களின் நிலையைப் பற்றி நடுநிலையான ஓர் ஆய்வு வேண்டும் என்றார்கள். அந்த நடுநிலைக்குக் கிடைத்தவர் நம் பேராசிரியர். அவருடைய கால்கள் நான்.

முதல்நாள் காரில் என்னை அழைத்துப் போனவர் அவர்தான். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்பதை வழியில் சொன்னார். பிறகு எனக்கு ஒரு பாடம் சொன்னார். நல்ல பாடம். இன்றுவரை என் மாணவர்களுக்கு அதையே சொல்கிறேன். "நம்ம ஆளுங்க வீட்டுக்கு யாராவது வந்தா வாசல்லயே வீட்டக் கொறச்சுத்தான் பேசுவாங்க. ஒழுகுது, இடிஞ்சிருச்சு, உக்கார எடமில்லன்னு. எங்கம்மா சாகிற வரைக்கும் அப்படித்தான். அது கும்பிடு போடற மாதிரிம்மா. அப்படியே எழுதிடாத." நான் தலையாட்டினேன். இந்த வரிகளை நினைவில் வைத்துக்கொள். இந்தக் கடிதம் முழுதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

லயத்தில் எனக்கு முதலில் கதவு திறந்தவர் பாக்கியம் அக்கா. உனக்கு இப்போது அவரை ஃபிளாட்டின் குடியிருப்போர் சங்கத் தலைவியாகத் தெரியும், விமான நிலையத்தில் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறவராகத் தெரியும். அன்றைக்கு அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, கையில் பால் வாடையோடு வாசலில் நின்றார். என் வயிற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "இது என்ன வீடு தங்கச்சி, மாட்டுக்கொட்டாய். உள்ள வாங்க," என்றார். உள்ளே தரை சாணம் மெழுகியதுபோலச் சுத்தமாக இருந்தது. அவருடைய மாமியார் தைத்த திரைச்சீலை, சுவரில் இயேசுவும் முருகனும் பக்கத்துப் பக்கத்தில். மாங்காயை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தார். நீ என் வயிற்றில் இருந்து சாப்பிட்ட முதல் விருந்து அதுவாகத்தான் இருக்கும். அவர் சொன்னதை, சொன்ன இடத்தோடும் சிரித்த சிரிப்போடும், மாங்காயோடும், ஒன்று விடாமல் எழுதினேன். மாணவர்கள் குறிப்புகளை வழிகாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். கொடுத்தேன்.

அறிக்கை வந்தது. குடியிருப்பவர்களே தங்கள் வீடுகள் மனிதர் வசிக்கத் தகாதவை என்று கருதுகிறார்கள், அங்கிருந்து போக விரும்புகிறார்கள் என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே, சாய்ந்த எழுத்தில், பால் வெட்டும் பெண்ணொருத்தி தன் வீட்டை மாட்டுக்கொட்டகை என்று சொன்னதாக ஒரு வரி. பாக்கியம் அக்காவின் வாக்கியம்தான். ஆனால் முழு வாக்கியம் இல்லை. "உள்ள வாங்க" இல்லை. அந்த இரண்டு சொற்களையும் பேராசிரியர் வெட்டியிருந்தார்.

அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ எழுதுனதுதானம்மா? நான் ஒரு வார்த்த கூட்டலையே," என்றார்.

"கூட்டல சார். வெட்டிட்டீங்க."

"அதுக்குப் பேரு எடிட்டிங்."

"நீங்கதானே சார் சொன்னீங்க, அப்படியே எழுதிடாதன்னு?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உடம்பப் பாத்துக்கம்மா. இந்த மாசத்துல டென்ஷன் ஆகக்கூடாது," என்றார். என் கர்ப்பத்தைக்கூட அவர் ஒரு கதவாகப் பயன்படுத்தி மூடினார்.

தெரியாமல் செய்திருந்தால் நான் என்றோ விட்டிருப்பேன். ஊர் வழக்கம் புரியாத வெள்ளைக்காரன் செய்திருந்தால் வகுப்பில் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருப்பேன். இவர் அந்த வாசலில் பிறந்தவர். வாசலில் நின்று சொல்லும் தாழ்ந்த பேச்சு ஒரு வணக்கம் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர். தன் அம்மாவின் வாயில் கேட்ட சொல்லைத் தெரிந்தே எடுத்து, அதே மாதிரி இன்னொரு பெண்ணின் கூரையைப் பிரிக்கப் பயன்படுத்தினார். என் கோபம் தெரிந்து செய்ததன் மேல்.

தரைவீட்டுப் பேச்சு அதோடு முடிந்தது. மக்களே போக விரும்பும்போது எதற்கு நிலம்? ஃபிளாட்டில் ஆளுக்கொரு வீடு, அதுவும் போதும் போதாத இடம். மாடுகள் விற்கப்பட்டன. பாக்கியம் அக்காவுக்கு வேறொன்றும் கிடைத்தது. கம்பெனி ஆட்கள் கூட்டத்தில் அறிக்கையின் அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அது யார் சொன்னது என்று கண்டுபிடிக்கத் தோட்டத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? இன்றுகூட ஃபிளாட்டில் தண்ணீர் நின்றுவிட்டால் மேல்மாடியிலிருந்து யாராவது கத்துவார்கள்: "மாட்டுக்கொட்டாய் அக்கா, ஒங்க வீட்ல தண்ணி வருதா?" அவர் கீழிருந்து, "வருதுடா, மாட்டக் குளிப்பாட்ட. நீ எறங்கி வா," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆரம்பத்தில் அவர் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இவளால்தான் வீடு போனது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. அவருடைய மாமியார் அதைச் சொல்லிக்கொண்டே இறந்தார்.

இங்கே நான் அழுது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசிக்கிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களில் அது ஒரு சடங்கு. என் துறையிலும் இப்போது அது ஒரு பாணி. தப்பு செய்தவர் ஒருவர், நெஞ்சில் அடித்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர் இன்னொருவர். நான் எழுதியது சரியாக இருந்தது. வெட்டியது அவர் கை. அவருடைய பாவத்தை நான் சுமந்து அவரை இலேசாக்க மாட்டேன். நான் செய்ததெல்லாம், ஆய்வேட்டை வேறொரு தலைப்பில் முடித்துப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து, தனியார் கல்லூரியில் ஆய்வுமுறை கற்பிக்கப் போனதுதான். பிறகு, நீ கொஞ்சம் வளர்ந்த பின், சனிக்கிழமைகளில் அந்த ஃபிளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். பாக்கியம் அக்கா தன் மகளை அனுப்பினார். அவர் வரவில்லை. என்னைக் கடந்துபோகும்போது பார்க்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை உடுப்போடு வந்து கதவில் சாய்ந்து நின்றார். "ஒண்ணு கேக்கணும். மாட்டுக்கொட்டாய்னு எழுதுனது நீயா, அவரா?"

"நான்தான் எழுதினேன். உள்ள வாங்கன்னு நீங்க சொன்னதையும் எழுதினேன். அத அவர் வெட்டிட்டார்."

"உள்ள வாங்கன்னு சொன்னதையா?"

"ஆமா."

"அடடா, அலமாக். அதுதானே நான் சொன்னதே." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, அந்த ஆளு என்னைக்காச்சும் என் வீட்டுக்குச் சாப்பிட வரணும்," என்றார். அவ்வளவுதான். எங்கள் திட்டம் அன்றைக்குப் பிறந்தது. நாள் மட்டும் தெரியவில்லை. அந்த நாளைப் பேராசிரியரே கொண்டுவந்தார், பழக்கேக்கோடு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அங்கே இருந்தாய், ஆனால் பாதியைத்தான் பார்த்தாய். காலையில் மண்டபத்தில் அவர் ஆய்வைப் பற்றி விளக்கினார். ஒப்புதல், பங்கேற்பு, கண்ணியம் என்று நல்ல நல்ல சொற்கள். நான் வகுப்பில் சொல்லும் அதே சொற்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பாக்கியம் அக்கா எழுந்து, சங்கத்தின் நிபந்தனையைச் சொன்னார். அறிக்கை வெளியே போவதற்கு முன்னால் இதே மண்டபத்தில் தமிழில் முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும். அவரவர் சொன்னதை அவரவர் கேட்டு, வேண்டாமென்றால் எழுந்து நின்று, ஏன் வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் சொன்னதை யாரும் வெட்டக்கூடாது. பேராசிரியர் மிகவும் மகிழ்ந்தார். "இதுதான் உண்மையான சமூக ஆய்வு," என்று கைதட்டினார். அந்த நிபந்தனையை எழுதிக் கொடுத்தது நான். அதன் கடைசி இரண்டு வரிகளைச் சேர்த்தது பாக்கியம் அக்கா. நான் பல வருடம் படித்துக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த அறம் முழுதும், வெட்டுப்பட்டவளின் இரண்டு வரியில் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரைச் சாப்பிட அழைத்தார். அவர் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. படியேறும்போது உன்னிடம் மெதுவாகச் சொன்னாரே, நானும் பின்னால் வந்துகொண்டிருந்தேன், கேட்டது: "ரெக்கார்டர ஆன் பண்ணுப்பா. சாப்பிடும்போதுதான் மனசத் திறந்து பேசுவாங்க." நீ ஆன் செய்தாய். வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்கும்போது நீ என்னைக் கேட்ட இரண்டாவது கேள்வி, இதற்கெல்லாம் அவரிடம் ஒப்புதல் வாங்கினீர்களா என்பது. நல்ல கேள்வி. நான் கற்பித்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். வாங்கவில்லை. அவரே ஒலிப்பதிவைத் தொடங்கச் சொன்னார். மற்றவர்களின் மனத்துக்கு வைத்த வலை தன் மேலும் விழும் என்று அவருக்குத் தோன்றாததற்கு நான் பொறுப்பில்லை.

வாசலில் பாக்கியம் அக்கா நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். கைகூப்பி, "வீடு என்ன சார், மாட்டுக்கொட்டாய். உள்ள வாங்க," என்றார். நீ புன்னகைத்தாய், உனக்குத் தெரியாது. நான் பேராசிரியர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடமாக நான் காத்திருந்தது அந்த ஒரு நொடிக்கு. ஏதாவது ஒன்று, கண் இமையில் ஒரு தடுமாற்றம் போதும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. "சேச்சே, நல்லாத்தானேம்மா இருக்கு," என்று செருப்பைக் கழற்றினார். மறந்துவிட்டிருந்தார். ஒரு பெண்ணின் பெயராகவே மாறிப்போன சொல்லை, அதைப் பிடுங்கியவர் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். அதுவரை எனக்குள் சிறிது தயக்கம் இருந்தது, அந்த வாசலில் அது போயிற்று.

அந்த வீடு பின்பக்கம் பார்த்தது, தொழிற்சாலைக்கு நேர் எதிர். மத்தியானம் இயந்திரம் ஓடும் நேரத்தில் அங்கே ஜன்னலை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி திணித்துத்தான் சமைப்பார்கள், சாப்பிடுவார்கள். அன்றைக்கு எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. "வெளிச்சம் வரட்டும் சார்," என்றார் அக்கா. திரையைக்கூடக் கட்டி வைத்திருந்தார். விருந்தாளிக்கு ஜன்னலோர நாற்காலி. நாட்டுக்கோழிக் கறி, ரசம், அப்பளம், சர்டின் சம்பல், ரோஸ் சிரப்பு. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது உருகிய பிளாஸ்டிக் வாடை அறைக்குள் வந்து உட்கார்ந்தது. நீ இருமினாய். எனக்கு நாக்கில் கசந்தது. அவர் கைக்குட்டையை எடுத்தார், கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், சோற்றைப் பிசைந்தார். பாக்கியம் அக்கா விசிறியைப் போட்டுவிட்டார், வாடையை இன்னும் உள்ளே இழுக்கும் பக்கமாக. "இன்னும் கொஞ்சம் கறி போடட்டா சார்? ஒண்ணுமே சாப்பிடல."

"போதும்மா, போதும்."

"வாசம் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும் சார். கஷ்டமா இருக்கா?"

அவர் இரண்டு கண்ணிலும் நீர் வழிய, அக்காவைப் பார்த்துச் சிரித்துச் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எனக்கு ஒண்ணும் தெரியல. ரொம்ப நல்லா இருக்கு."

பாக்கியம் அக்கா உன் பக்கம் திரும்பினார். "தம்பி, சார் சொன்னத எழுதிக்கங்க," என்றார். நீ சிரித்தாய், விளையாட்டு என்று நினைத்து. பேராசிரியர் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் ஏதோ எட்டியது. என்னைப் பார்த்தார். நான் அவருக்கு இன்னும் ஒரு அப்பளம் வைத்தேன்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. அவர் படியிறங்கும்போது நடந்ததைப் பற்றியும், அவருடைய உடல்நிலையைப் பற்றியும். இந்தக் கடிதத்தை நம் நிபந்தனைப்படியே முதலில் பாக்கியம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அத எடுத்துரு. அவரு பொண்டாட்டி பாவம்," என்றார். அது நான் எழுதியது, அடுத்தவர் எழுதியதை யாரும் வெட்டக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "நான் வெட்டல. நீயே வெட்டு," என்றார். வெட்டினேன். மனமில்லாமல்தான். தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றார். மாட்டுக்கொட்டாய் என்றே போடச் சொன்னார். வயதை மட்டும் போடக்கூடாதாம்.)

நேற்று அவர் உனக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும், நீ சமையலறையில் நின்றுதானே பேசினாய். சாப்பாட்டு நேரத்துப் பதிவை அழித்துவிடு, அது ஆய்வுத் தரவில்லை, விருந்தில் பேசுகிற பேச்சு என்றாராம். நீ "யோசிக்கிறேன் சார்" என்றாய். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அது விருந்தில் பேசுகிற பேச்சுதான். விருந்தாளி உண்மையைச் சொல்லமாட்டார், வீட்டுக்காரியும் சொல்லமாட்டாள், இரண்டு பேரும் மரியாதையைத்தான் சொல்வார்கள். அவர் காரில் எனக்குக் கற்றுக் கொடுத்தது அதுதானே. நீ அங்கே தங்கி வீடுவீடாகப் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் உன்னிடம் சொல்லப்போவதும் அதுதான்: "பழகிருச்சு தம்பி. ஒண்ணும் பெரிசா இல்ல. உள்ள வாங்க." அதை எடுத்து, மக்கள் பழகிவிட்டார்கள், பெரிய குறை ஏதுமில்லை என்று எழுதத்தான் உன்னை அனுப்புகிறார்கள். பழையபடி அதே கத்தரிக்கோல். முன்பு வீட்டைக் குறைத்துச் சொன்னதை வைத்து வீட்டைப் பிடுங்கினார்கள். இந்த முறை வாடையைக் குறைத்துச் சொல்வதை வைத்துக் காற்றைப் பிடுங்குவார்கள்.

அதனால் உனக்கு நான் சொல்லும் புத்திமதி கொஞ்சம்தான். உன்னை அவர்கள் நேசிக்க வேண்டும் என்று ஆசைப்படாதே. நேசிக்கப்பட்ட ஆய்வாளனுக்கு மாங்காய் கிடைக்கும், உண்மை கிடைக்க நாளாகும். வாசலில் கேட்டதை வாசலில் கேட்டது என்றே எழுது. ஜன்னல் மூடியிருந்ததா என்று எழுது, இடுக்கில் துணி இருந்ததா என்று எழுது, பிள்ளை எந்த நேரத்தில் இருமியது என்று எழுது. ஒருவர் சொன்னதை அவரிடமே திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டும்வரை அது உன்னுடையது இல்லை. யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வீட்டிலும், அவர்கள் உனக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடு. கொடுத்த பிறகு சொன்னால் அவர்களால் உன்னைத் திட்ட முடியாது.

உன் அப்பா இன்று காலையிலும் சொன்னார், மன்னித்துவிடு என்று. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பேராசிரியர் என் வரிசைக்கே வந்து கைகூப்பிய நாளில், நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் தேடியதை உன் அப்பா பார்த்திருக்கிறார். மன்னிப்பு என்னுடையதாக இருந்தால் யோசித்திருப்பேன். அது பாக்கியம் அக்காவுடையது. அவரிடம் யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்கு என்ன செய்தோம் என்பதே நினைவில்லை. அவருக்கு நினைவுபடுத்துவதைத்தான் நான் பழி என்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் நீ வைத்துக்கொள். எனக்கு இந்தச் சொல்லே போதும்.

ஆகவே பதிவை அழிக்காதே. அவர் சொன்னதை அறிக்கையில் எழுது. மற்ற எல்லோருடைய பேச்சையும் எழுதுவதுபோலவே, இடத்தோடு, நேரத்தோடு, கைக்குட்டையோடு. பாக்கியம் அக்காவுக்கு அவர் கொடுக்காத மரியாதையை நீ அவருக்குக் கொடு, ஒரு சொல்லையும் வெட்டாதே. பிறகு மண்டபத்தில் நீதான் படிக்கப்போகிறாய். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்த இடம் வரும்போது அவருக்கு இரண்டே வழி. பேசாமல் இருக்கலாம். கண்ணில் நீர் வழிய, ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன பேராசிரியராக அந்த அறிக்கையில் இருந்துவிடலாம். வேண்டாமென்றால், அவரே கைதட்டி ஏற்றுக்கொண்ட நிபந்தனைப்படி எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் காரணத்தைச் சொல்லித் தன் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காரணம் ஒன்றுதான் இருக்கிறது: "மூச்சு விட முடியல. விருந்தாளியாப் போனதால மரியாதைக்கு அப்படிச் சொன்னேன்."

அந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்க வேண்டும், ஜெரோம். தொழிற்சாலைக்கு அது பதில். பாக்கியம் அக்காவுக்கும், அவருடைய மாமியாருக்கும், விற்ற மாடுகளுக்கும் அதுவே பதில். படித்து அந்த இடத்துக்கு வந்ததும் சற்று நிறுத்து. அவசரப்படாதே. மண்டபத்தின் ஜன்னல்களை நான் முன்கூட்டியே வந்து திறந்து வைத்திருப்பேன்.